வீட்டுச் சாரதி வேலைக்குச் சம்பளம் பேசும்போது: காத்திருக்கும் நேரத்துக்கும் கணக்குண்டு

லண்டனில் தனியார் வீடொன்றில் சாரதி வேலைக்குப் போக இருக்கும் எங்கள் ஆக்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அண்ணை, எவ்வளவு கேக்கலாம்?" என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது, "கிழமைக்கு எத்தனை மணித்தியாலம்?" என்று. பலருக்கு அதற்குப் பதில் தெரிந்திருக்காது. "காலமை பிள்ளையளைப் பள்ளிக்கூடத்திலை விடவேணும். பிறகு ஐயாவைக் கந்தோருக்கு. பின்னேரம் திருப்பி ஏத்தவேணும். இடையிலை சும்மா தான் அண்ணை."

அந்தச் "சும்மா" என்ற சொல்லுக்குள்தான் மாதம் நூற்றுக்கணக்கான பவுண் போய் விடுகிறது.

இங்கே நான் எழுதுவது பிரித்தானியச் சட்டத்தையும், 2026 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள இலக்கங்களையும் வைத்து. வேறு நாடுகளில் இருப்பவர்களுக்கு இலக்கங்கள் மாறும், சட்டங்களும் மாறும். ஆனால் மணித்தியாலத்தை முதலில் எண்ணி, சம்பளத்தைப் பிறகு பேசும் முறை அவர்களுக்கும் உதவலாம். நான் பேசுவது ஒரு குடும்பம் தன் சொந்தக் காரை ஓட்ட நேரடியாக வேலைக்கு வைக்கும் சாரதியைப் பற்றி. மினிகாப், ஊபர் வேலை வேறு கணக்கு. அதேபோல உங்கள் சொந்தக் காரில் காசுக்கு ஒரு குடும்பத்தை ஏற்றி இறக்குவதும் வேறு விஷயம். அதற்குத் தனியார் வாடகை வாகன அனுமதியும் அதற்கேற்ற காப்புறுதியும் வேண்டும். அவை இல்லாமல் அதில் கை வைக்க வேண்டாம்.

என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் நான் வணிகமாணிப் பட்டம் படித்தவன், ஊரில் கணக்காளராக வேலை செய்தவன். அப்படியிருந்தும் இந்தப் பிழையைச் செய்தேன். 2010 இல் எனக்கு அகதி அந்தஸ்து கிடைத்தது. அதே ஆண்டில் இங்கத்தைய சாரதி அனுமதிப்பத்திரமும் எடுத்தேன். எங்கள் பக்கத்து ஆள் ஒருவர், வசதியானவர், கூப்பிட்டார். தேத்தண்ணி தந்து இருத்திச் சொன்னார்: "தம்பி, நீர் எங்கட வீட்டுப்பிள்ளை மாதிரி. காசைப் பற்றி யோசிக்காதையும். கிழமைக்கு 300 கையிலை தாறன்." கை நிறையக் காசு என்று நினைத்தேன். வரி இல்லை, கடுதாசி இல்லை. மூத்தவரிடம் போய் எத்தனை மணிக்கு வேலை முடியும் என்று கேட்பது மரியாதையாகவும் படவில்லை.

பெற்றோல் கணக்குக்காக நான் ஒரு கலண்டரில் காலை புறப்பட்ட நேரமும் இரவு காரை விட்ட நேரமும் எழுதி வைக்கும் பழக்கம் இருந்தது. இரண்டாம் வருடம் ஒரு நாள் ஹீத்ரோ விமான நிலையக் கார் தரிப்பிடத்தில், பிந்தி வரும் விமானத்துக்குக் காத்திருந்தபோது அதைக் கூட்டிப் பார்த்தேன். கிழமைக்கு 62 மணித்தியாலம். 300 ஐ 62 ஆல் பிரித்தால் 4 பவுண் 84 பென்ஸ். 2010 ஒக்ரோபரில் ஆகக்குறைந்த சம்பளம் 5 பவுண் 93 பென்ஸாக இருந்தது, அதன் பிறகு கூடியும் இருந்தது. ஊரில் மற்றவர்களின் கணக்குப் புத்தகங்களில் பிழை பிடித்து உழைத்த எனக்கு, என் சொந்தக் கணக்கைப் போட ஒன்றரை வருடம் சென்றது.

காத்திருப்பது வேலைதான்

2015 ஆம் ஆண்டின் ஆகக்குறைந்த சம்பள ஒழுங்குவிதிகளின்படி, வேலை செய்யத் தயாராக வேலைத்தலத்திலோ அதற்கு அண்மையிலோ இருக்க வேண்டிய நேரம் வேலை நேரமாகவே கணிக்கப்படும். கந்தோர் வாசலில் காரில் இருந்து காத்திருப்பது, பல்வைத்தியரிடம் போன அம்மா வெளியே வரும்வரை நிற்பது, விமானம் பிந்தினால் விமான நிலையத்தில் தங்கி நிற்பது எல்லாம் இதற்குள் வரும். கார் ஓடினால் மட்டும்தான் வேலை என்பது சட்டமல்ல.

இதற்கு ஒரு விலக்கு உண்டு, அது எங்கள் ஆக்களைத்தான் அதிகம் தாக்குகிறது. உங்கள் சொந்த வீட்டில் இருந்துகொண்டு அழைப்புக்குக் காத்திருக்கும் நேரம் அப்படித் தானாகக் கணக்கில் வராது. "இடையிலை வீட்டை போய் இரும், வேணுமெண்டால் கோல் எடுக்கிறன்" என்று சொன்னால் அந்த நேரத்துக்குச் சட்டம் காசு தராது. அதை நீங்கள்தான் பேசி எடுக்க வேண்டும். அழைப்புக்குக் காத்திருக்கும் நாளுக்கு ஒரு தனிக் கொடுப்பனவு கேட்கலாம். அல்லது, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை நான் முழுக்கச் சுதந்திரம், அந்த நேரத்தில் தொலைபேசி எடுக்க வேண்டியதில்லை என்று எழுதி வாங்கலாம். இரண்டும் இல்லாமல் விட்டால் வேறு பகுதிநேர வேலையும் செய்ய முடியாது, இந்த வேலைக்கும் சம்பளம் இல்லை.

உங்கள் வீட்டிலிருந்து வேலைக்குப் போய்வரும் பயண நேரமும் பொதுவாகக் கணக்கில் வராது.

இனிக் கணக்குக்கு வருவோம். ஒரு குடும்பம் மாதம் 2,400 பவுண் தருவதாகச் சொல்கிறது என்று வைப்போம். திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 7.30 க்குத் தொடங்கி மாலை 6.30 க்கு முடியும். நாளுக்கு 11 மணித்தியாலம், கிழமைக்கு 55, வருடத்துக்கு 2,860. அதை 12 ஆல் பிரித்தால் மாதத்துக்கு 238 மணித்தியாலத்துக்குச் சற்று மேல். 2,400 ஐ அதனால் பிரித்தால் மணித்தியாலத்துக்கு 10 பவுண் 7 பென்ஸ். 21 வயதுக்கு மேற்பட்டவருக்கு 2026 ஏப்ரல் முதல் ஆகக்குறைந்த சம்பளம் 12 பவுண் 71 பென்ஸ். இந்த 55 மணித்தியாலத்துக்கு மாதம் 3,029 பவுணாவது வர வேண்டும். நாளுக்கு ஒரு மணித்தியாலம் உண்மையாகவே உங்கள் சொந்த நேரம் என்று, காரைப் பூட்டிவிட்டு எங்கும் போகலாம் என்று விட்டால், கிழமைக்கு 50 மணித்தியாலம். அப்போதும் 2,754 பவுணுக்குக் குறையக் கூடாது.

இது பேரம் பேசித் தொடங்கும் இடமல்ல, சட்டத்தின் அடித்தளம். இதற்குக் கீழே நீங்களே சம்மதித்துக் கையெழுத்து வைத்தாலும் அது செல்லாது. நல்ல சாரதி இதற்கு மேலேதான் பேசத் தொடங்க வேண்டும்.

இன்னொன்றையும் பாருங்கள். இந்தத் தொகை வழமையாக ஒவ்வொரு ஏப்ரலிலும் கூடுகிறது. 2025 ஏப்ரலில் 12 பவுண் 21 ஆக இருந்தது. கிழமைக்கு 50 மணித்தியாலத்துக்கு மாதம் 2,700 எடுத்தவர் மணித்தியாலத்துக்கு 12 பவுண் 46 எடுத்தார். 2026 மார்ச் வரை அது சட்டப்படி சரி. ஏப்ரல் முதலாம் திகதி எவரும் எதுவும் செய்யாமலே அது சட்டத்துக்குக் கீழே போய் விட்டது. ஆகவே "ஒவ்வொரு ஏப்ரலிலும் சம்பளம் மீளாய்வு செய்யப்படும்" என்ற ஒரு வரி முதல் நாளே வேண்டும். வருடா வருடம் தலையைச் சொறிந்துகொண்டு போய்க் கேட்கிற சங்கடமும் மிச்சம்.

மொத்தமா, தேறியதா?

கணக்காளர் என்ற முறையில் நான் அதிகம் காணும் குழப்பம் இது. வீட்டுக்காரர் "2,400" என்கிறார். அவர் நினைப்பது மொத்தச் சம்பளம். கேட்பவர் நினைப்பது கையில் வரும் காசு. இருவரும் சிரித்துக் கை குலுக்கி விட்டு, முதல் மாத முடிவில் மனம் கசந்து போகிறார்கள்.

வழமையான வரிக் குறியீடு உள்ள ஒருவருக்கு, வருடத்தில் முதல் 12,570 பவுணுக்கு வருமான வரியும் தேசிய காப்புறுதியும் இல்லை. அதற்கு மேல் 20 வீதம் வரி, 8 வீதம் தேசிய காப்புறுதி. மாதம் மொத்தம் 2,400 என்றால் ஓய்வூதியக் கழிவுக்கு முன் கைக்கு வருவது ஏறக்குறைய 2,021. மாறாக, 2,400 கைக்கு வர வேண்டுமென்றால் மொத்தச் சம்பளம் 2,926 ஆக இருக்க வேண்டும். வித்தியாசம் மாதம் 526 பவுண். ஒரே இலக்கம், இரண்டு சம்பளம். அந்த 2,926 கூட 55 மணித்தியாலக் கிழமைக்கு மணித்தியாலம் 12 பவுண் 28 தான், ஆகக்குறைந்த சம்பளத்துக்குக் கீழே.

தேறிய சம்பளமாகப் பேசுவது நல்லதென்று சிலர் நினைக்கிறார்கள். நான் வேண்டாம் என்பேன். வரிக் குறியீடு மாறினால், உங்களுக்கு இன்னொரு வேலை இருந்தால், பழைய வரி மீதி ஏதும் வந்தால், யார் பொறுப்பு என்ற சண்டை வரும். உங்களுக்கு வர வேண்டிய வரிச்சலுகையும் வீட்டுக்காரரின் பையிலேயே நின்று விடலாம். எப்போதும் மொத்தத்தில் பேசுங்கள், மொத்தத்தில் எழுதுங்கள்.

வீட்டுக்காரரின் பக்கக் கணக்கையும் தெரிந்து வைத்துக்கொண்டு போவது நல்லது. வருடம் 28,800 பவுண் சம்பளம் கொடுப்பவர், 5,000 க்கு மேற்பட்ட தொகைக்கு 15 வீதம் தேசிய காப்புறுதி தன் பையிலிருந்து கட்ட வேண்டும். அது 3,570 பவுண். ஓய்வூதியத்துக்கு ஆகக்குறைந்தது 3 வீதம், இங்கே 677 பவுண். எல்லாமாக 33,000 க்குச் சற்று மேல் அவருக்குச் செலவு. வியாபாரங்களுக்குக் கிடைக்கும் தேசிய காப்புறுதிச் சலுகை, வீட்டு வேலைக்கு ஆள் வைப்பவருக்குப் பொதுவாகக் கிடையாது. அவர் "எனக்கும் கனக்கச் செலவு தம்பி" என்று சொல்லும்போது அது பொய்யல்ல. அதை ஒத்துக்கொண்டு பேசினால் பேச்சு இலகுவாகப் போகும். சம்பளத்தில் அசையாதவர் சில நேரம் மணித்தியாலத்தில் அசைவார்: வெள்ளிக்கிழமை மத்தியானத்தோடு வேலை முடிந்தால் அதுவும் சம்பள உயர்வுதான்.

அந்தச் செலவைத் தவிர்க்க இரண்டு வழிகளை உங்களிடம் கொண்டு வருவார்கள். முதலாவது, "நீர் சுயதொழில் எண்டு பதிஞ்சு எனக்கு இன்வொய்ஸ் தாரும்." அவருடைய கார், அவர் சொல்லும் நேரம், அவர் சொல்லும் இடம், உங்களுக்குப் பதிலாக வேறு ஆளை அனுப்பவும் முடியாது. இப்படிப்பட்டவரைச் சட்டம் பெயரைப் பார்த்துச் சுயதொழிலாளர் என்று ஏற்காது, நடைமுறையைத்தான் பார்க்கும். ஒத்துக்கொண்டு போனால் நீங்கள் இழப்பது என்ன? வருடத்துக்கு 5.6 கிழமைச் சம்பளத்துடனான விடுமுறை, அதாவது ஐந்து நாள் வேலைக்கு வங்கி விடுமுறைகளையும் சேர்த்து 28 நாள். நாளுக்கு 10 மணித்தியாலம் என்றால், ஆகக்குறைந்த சம்பளத்திலேயே அதன் பெறுமதி ஏறக்குறைய 3,559 பவுண். அதற்கு மேல் சுகவீனக் கொடுப்பனவு, ஓய்வூதியம்.

இரண்டாவது வழி, கைக்காசு. நான் போன வழி.

கைக்காசு தின்னும் வருடங்கள்

பல வருடங்களுக்குப் பிறகு, ஐம்பது வயதைத் தாண்டியபோது, அரச ஓய்வூதியம் எவ்வளவு வரும் என்று அரசின் இணையத்தளத்தில் பார்த்தேன். என் தேசிய காப்புறுதிப் பதிவில் 2010–11, 2011–12, 2012–13 ஆகிய மூன்று வரிகளும் வெறுமை. அந்த நேரம் நான் எந்த அரச கொடுப்பனவும் எடுக்கவில்லை, ஆகவே வரவுப் பதிவும் இல்லை. விடுபட்ட வருடங்களுக்குப் பணம் கட்டலாம்தான், ஆனால் வழமையாகக் கடந்த ஆறு வருடங்களுக்கு மட்டும். நான் பார்த்தபோது காலம் கடந்து விட்டது.

முழு அரச ஓய்வூதியத்துக்கு 35 வருடப் பதிவு வேண்டும். பத்து வருடத்துக்குக் குறைந்தால் ஒன்றுமே இல்லை. இங்கே பிறந்தவருக்கு மூன்று வருடம் போனால் பெரிதாகத் தெரியாது, 18 வயதிலிருந்து உழைக்க அவருக்கு நேரம் இருக்கிறது. நாற்பதுக்குக் கிட்ட வந்து இறங்கியவருக்கு 35 வருடமே மிச்சமில்லை. எங்களுக்கு ஒவ்வொரு வருடமும் எண்ணிக்கையில் வரும். முழு ஓய்வூதியம் இப்போது கிழமைக்கு 241 பவுண் 30 பென்ஸ். அதில் 35 இல் 3 பங்கு கிழமைக்கு 20 பவுண் 68, வருடத்துக்கு ஆயிரத்துக்கு மேல், உயிரோடு இருக்கும்வரை. அந்த நேரம் வரி கட்டாமல் மிச்சம் பிடித்தேன் என்று நினைத்தேன். வரியைக் கட்டாதது என் பிழையும்தான், அதை மறைக்க மாட்டேன்.

குடும்பம் பிரிந்திருப்பவர்களுக்கு இது இன்னும் கூர்மையானது. இங்கே வந்த பிறகு ஊரிலோ இந்தியாவிலோ திருமணம் செய்து, துணையை அழைக்க விரும்புபவருக்கு வருமான எல்லை உண்டு. 2024 ஏப்ரலில் அது வருடத்துக்கு 29,000 பவுணாக உயர்த்தப்பட்டது. சம்பளச் சீட்டும் அதே தொகை ஏறிய வங்கிக் கூற்றும்தான் அதற்குச் சான்று. கைக்காசு அங்கே பூச்சியம். மேலே சொன்ன மாதம் 2,400 ஐப் பன்னிரண்டால் பெருக்கிப் பாருங்கள்: 28,800. எல்லைக்கு 200 பவுண் குறைவு. மாதம் 17 பவுண் கூடக் கேட்டிருந்தால் தாண்டியிருக்கும். இப்படிப்பட்ட தேவை உள்ளவர்கள் சம்பளம் பேசப் போகுமுன் அந்த இலக்கத்தை மனதில் வைத்துக்கொண்டே போக வேண்டும். பழைய திருமணம், பிள்ளைகள், அகதிக் குடும்ப இணைவு ஆகியவற்றுக்கு விதிகள் வேறு. அதைச் சட்டத்தரணியிடம் கேளுங்கள், என்னிடமல்ல.

யுனிவர்சல் கிரெடிட் எடுக்கும் குடும்பங்கள், "சம்பளம் கூடினால் அங்கை வெட்டுவாங்கள், பிறகு ஏன் கேட்பான்" என்பார்கள். வெட்டுவார்கள், ஆனால் முழுக்க அல்ல. தேறிய சம்பளத்தில் கூடும் ஒவ்வொரு பவுணுக்கும் 55 பென்ஸ் குறையும். மொத்தச் சம்பளம் 100 பவுண் கூடினால், வரியும் காப்புறுதியும் போக 72, அதில் வெட்டு 39 பவுண் 60, மிச்சம் 32 பவுண் 40. சிறிய தொகைதான். ஆனால் ஓய்வூதியத்துக்கு நீங்கள் கட்டும் பணம் அந்தக் கணக்கில் வருமானமாக எடுக்கப்படாது. ஆகவே கூடும் சம்பளத்தில் ஒரு பகுதியை ஓய்வூதியத்தில் போட்டால் வெட்டும் குறையும்.

"வீட்டுப்பிள்ளை மாதிரி"

இந்தச் சொற்றொடர் எங்கள் ஆக்களின் கண்டுபிடிப்பு என்று நினைத்திருந்தேன். பிறகு பார்த்தால் ஆங்கிலச் சட்டத்திலேயே இருந்திருக்கிறது! முதலாளியின் வீட்டிலேயே தங்கி, குடும்ப அங்கத்தவர் போல நடத்தப்படுபவருக்கு ஆகக்குறைந்த சம்பளம் கொடுக்கத் தேவையில்லை என்று ஒரு விலக்கு இருந்தது. 2024 ஏப்ரல் முதலாம் திகதி அது நீக்கப்பட்டது. இன்று வீட்டோடு தங்கும் சாரதிக்கும் முழுச் சம்பளம் உண்டு. தங்குமிடத்துக்காக நாளுக்கு 11 பவுண் 10 பென்ஸ் வரைதான் கணக்கில் எடுக்கலாம். சாப்பாட்டை ஆகக்குறைந்த சம்பளத்தின் பகுதியாகக் காட்டவே முடியாது. புட்டும் சம்பலும் அன்பாகத் தந்தால் அன்பாகச் சாப்பிடுங்கள்.

வீட்டுப் பணியாளர் என்று கணிக்கப்படுபவருக்கு ஒரு குறையும் உண்டு. மற்றத் தொழிலாளருக்குள்ள கிழமைக்கு 48 மணித்தியால உச்ச வரம்பு அவர்களுக்கு இல்லை. ஆனால் ஒரு வேலை நாளுக்கும் அடுத்ததுக்கும் இடையில் 11 மணித்தியால ஓய்வும், ஆறு மணித்தியாலத்துக்கு மேல் வேலை என்றால் 20 நிமிட இடைவேளையும் அவர்களுக்கும் உண்டு. இரவு 11 க்கு விமான நிலையத்திலிருந்து கொண்டுவந்து விட்டு, காலை 7 மணிக்குப் பள்ளிக்கூட ஓட்டம் என்றால் அது ஓய்வல்ல. நித்திரைத் தூக்கத்தில் ஓட்டுவது யாருடைய பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு என்று கேட்டால் போதும், பெரும்பாலான பெற்றோர் உடனே விளங்கிக்கொள்வார்கள்.

கார், தண்டம், புள்ளிகள்

காரின் காப்புறுதியில் உங்கள் பெயர், சம்பளத்துக்கு ஓட்டும் சாரதி என்று, இருக்கிறதா என்பதை ஓடத் தொடங்கு முன் கடுதாசியில் பாருங்கள். "எவரும் ஓட்டலாம்" என்ற வாய்ச்சொல் போதாது. காப்புறுதி இல்லாமல் ஓட்டிய குற்றம் சாரதியின் தலையிலும் விழலாம்.

இலங்கை, இந்திய அனுமதிப்பத்திரத்தோடு இங்கே குடியிருக்கத் தொடங்கியதிலிருந்து 12 மாதம்தான் ஓட்டலாம். அதன் பின் இங்கத்தைய பரீட்சை எடுக்க வேண்டும். ஊரில் இருபது வருடம் ஓட்டியிருந்தாலும், இங்கே முதல் அனுமதிப்பத்திரம் எடுத்து இரண்டு வருடத்துக்குள் ஆறு புள்ளி விழுந்தால் அது இரத்தாகும், திரும்பவும் எல்.பலகையிலிருந்து தொடங்க வேண்டும். வேகக் கமராவில் ஒருமுறை பிடிபட்டால் வழமையாக மூன்று புள்ளி. இரண்டு தடவை "கெதியாப் போ தம்பி, பிந்துது" என்பதற்குக் கீழ்ப்படிந்தால் தொழிலே போய் விடும். தண்டக் காசை வீட்டுக்காரர் கட்டலாம், புள்ளியை அவர் வாங்க முடியாது.

தரிப்பிடத் தண்டம் வேறு. எங்கே நிற்பது என்று அவர்கள் சொன்ன இடத்தில் நின்று வந்த தண்டம் அவர்களுடையது, உங்கள் கவனயீனத்தால் வந்தது உங்களுடையது என்று எழுதிக்கொள்ளலாம். முன்கூட்டியே எழுத்தில் ஒத்துக்கொள்ளாமல் சம்பளத்தில் வெட்ட அவர்களுக்கு உரிமை இல்லை. நகர மத்தியின் நெரிசல் கட்டணம் இப்போது நாளுக்கு 18 பவுண். அதையும், யூலெஸ் கட்டணம், எரிபொருள், கார் கழுவும் செலவு ஆகியவற்றையும் உங்கள் வங்கி அட்டையில் கட்டி மாத முடிவில் திருப்பி வாங்கும் ஏற்பாட்டுக்குப் போகாதீர்கள். அவர்களுடைய கணக்கிலேயே தானாகக் கழிய ஒழுங்கு செய்யலாம். கறுப்புக் கோட்டு, சப்பாத்து இன்னதுதான் போட வேண்டும் என்றால் அதற்கும் அவர்கள் காசு தர வேண்டும். நீங்கள் வாங்கினால், ஆகக்குறைந்த சம்பளக் கணக்கில் அந்தச் செலவு உங்கள் சம்பளத்திலிருந்து கழித்தே பார்க்கப்படும்.

பேசும் விதம்

முதற் சந்திப்பில் இலக்கத்தைச் சொல்லாதீர்கள். "உமக்கு எவ்வளவு வேணும்?" என்று கேட்டால், "வழமையான ஒரு கிழமை எப்பிடிப் போகும் எண்டு சொல்லுங்கோ. அதைப் பாத்திட்டு நாளைக்குச் சொல்லுறன்" என்பது மரியாதையான பதில். சனி ஞாயிறு உண்டா, இரவு விருந்துகள் மாதம் எத்தனை, விமான நிலையம் எத்தனை தடவை, கோடையில் குடும்பம் வெளிநாடு போனால் என்ன நடக்கும் என்று கேளுங்கள். கடைசிக் கேள்வி முக்கியம். விடுமுறை எப்போது எடுக்க வேண்டும் என்று அவர்கள் தீர்மானிக்கலாம், ஆனால் விடுமுறை நாட்களைப் போல இரண்டு மடங்கு முன்னறிவித்தல் தர வேண்டும். 28 நாளும் அவர்களின் பயணத்துக்கே போய் விட்டால், உங்கள் பிள்ளையின் பள்ளிக்கூட விடுமுறைக்கு ஒரு நாளும் மிஞ்சாது. பாதிக்குப் பாதி என்று பேசலாம். அவர்கள் இல்லாத மிச்ச நாட்களிலும் சம்பளம் ஓடும் என்று எழுத வேண்டும்.

வீட்டுக்குப் போய் மணித்தியாலத்தைக் கூட்டுங்கள். ஆகக்குறைந்த தொகையைக் கண்டுபிடியுங்கள். அதே மாதிரியான வேலைக்கு இரண்டு மூன்று முகவர் நிலையங்களும் விளம்பரங்களும் என்ன சொல்கின்றன என்று பாருங்கள். சுத்தமான அனுமதிப்பத்திரம், விபத்தில்லாத வருடங்கள், சக்கர நாற்காலியோடு முதியவரை ஏற்றி இறக்கிய அனுபவம், பிள்ளைகளோடு பழகும் விதம், இவற்றுக்கு விலை உண்டு. பள்ளிக்கூட ஓட்டத்துக்குப் பெண் சாரதியைத் தேடும் குடும்பங்களும் இருக்கின்றன. ஓட்டத் தெரிந்த எங்கள் சகோதரிகள் இதைக் கவனிக்கலாம்.

பிறகு, ஒரு மின்னஞ்சல். "நீங்கள் சொன்ன நேரப்படி கிழமைக்கு 50 மணித்தியாலம் வருகிறது. மொத்தச் சம்பளம் மாதம் இவ்வளவு எதிர்பார்க்கிறேன். 50 க்கு மேல் போனால் மணித்தியாலத்துக்கு இவ்வளவு. ஏப்ரலில் மீளாய்வு." நான்கு வரி போதும். நேரில் சொல்லக் கூச்சமாக இருப்பது எழுத்தில் கூச்சமாக இருக்காது, குறிப்பாகத் தெரிந்த குடும்பமென்றால். ஒரு நாள் ஓட்டிக் காட்டச் சொன்னால் ஓட்டிக் காட்டலாம், அந்த நாளுக்கும் சம்பளம் கேட்டு.

அவர்கள் உங்கள் வேலை செய்யும் உரிமையைப் பார்க்கப் பகிர்வுக் குறியீடு கேட்பார்கள், அதைக் குறை நினைக்க வேண்டாம். அனுமதி இல்லாதவரை வேலைக்கு வைத்தால் முதற் தடவைக்கே ஆளுக்கு 45,000 பவுண் வரை தண்டம் அவர்களுக்கு. தஞ்சக் கோரிக்கையின் முடிவுக்குக் காத்திருப்பவர்களுக்குப் பொதுவாக வேலை செய்யும் உரிமை இல்லை. அந்த நிலையில் இருப்பவரைக் கைக்காசுக்குக் கூப்பிடுபவர் உதவி செய்யவில்லை, உங்கள் வழக்கையே பணயம் வைக்கிறார்.

வேலை தொடங்கும் நாளுக்குள் சம்பளம், நேரம், விடுமுறை, முன்னறிவித்தல் ஆகியவற்றை எழுதித் தருவது 2020 ஏப்ரல் முதல் கட்டாயம். முன்னறிவித்தல் பற்றி எதுவும் பேசாமல் விட்டால், ஒரு மாதம் வேலை செய்தவருக்குச் சட்டம் தருவது ஒரு கிழமை மட்டுமே. நான்கு கிழமை கேளுங்கள். ஒவ்வொரு சம்பளத்துக்கும் சீட்டு வேண்டும், விலகும்போது பி45 வேண்டும். நீங்களும் ஒரு கொப்பியில் தொடங்கிய நேரம், முடிந்த நேரம், நின்ற இடம் மூன்றையும் நாள்தோறும் எழுதுங்கள். பிரச்சினை வந்தால் அந்தக் கொப்பிதான் சாட்சி. ஏகாஸ் நிறுவனத்தின் 0300 123 1100 இலக்கத்தில் இலவசமாக ஆலோசனை கேட்கலாம். தீர்ப்பாயத்துக்குப் போகும் காலக்கெடு குறுகியது, போகுமுன் ஏகாஸுக்கு அறிவிக்க வேண்டும். ஆகக்குறைந்த சம்பளத்துக்குக் கீழே தந்ததாக அரச அமலாக்கப் பிரிவிடம் முறையிட்டால் ஆறு வருடம் வரை பின்னோக்கிப் பார்ப்பார்கள்.

என் கலண்டர்கள் மூன்றும் இன்னும் ஒரு பெட்டியில் கிடக்கின்றன. 2013 இல் வேலையை விட்டபோது முறையிட்டிருந்தால் ஏதாவது கிடைத்திருக்கும். கோயில் திருவிழாவில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே என்று விட்டு விட்டேன். இப்போதும் வருடத்துக்கு ஒரு தடவை பார்க்கிறேன். "எப்பிடித் தம்பி சுகமோ?" என்று கேட்பார். சுகம் என்று சொல்லுவேன்.